காலி இடத்துக்கு மராமத்து

எங்கள் தொழிலில் ஓய்வு பெறும் வயது என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. முட்டிதான் அந்த உத்தரவைப் போடும். என் முட்டி போட்டபோது நான் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழே கொண்டுவர ஆள் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து, போகிற வருகிற கொத்தனார் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்கிறேன். இலவசம் என்பதால் ஒருத்தனும் நின்று கேட்பதில்லை. எழுதிக் கொடுத்தால் பஸ்ஸில் போகும்போதாவது படிப்பீர்கள் என்று இதை ஆரம்பித்தேன். நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேலே இருக்கிற எழுத்தெல்லாம் அவள் பொறுப்பு.

கலவை எப்படிப் போடுவது என்று இதில் தேடாதீர்கள். அது சிமெண்ட் மூட்டையிலேயே போட்டிருக்கிறதாம், படித்தவர்கள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கிற இடத்தில் நாலு பக்கமிருந்தும் ஆட்கள் கத்தும்போது வாயில் என்ன வர வேண்டும், கை எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காவாந்தண்டலம். மட்டம் பார்க்கக் குமிழ் வைத்த கட்டை இருக்கிறதே, ரசமட்டம், தொழிலில் எனக்கு அதுதான் பெயர். வேலை அவ்வளவு சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கும். "ரசமட்டம் வருது பாரு, குமிழு எந்தாண்ட நிக்குது?" என்பார்கள்.

உத்திரமேரூரில் கல்வெட்டுக் கோயில் இருக்கிறது அல்லவா? சுவர் முழுக்க எழுத்து. வெளியூர்க்காரர்கள் வண்டி வைத்துக்கொண்டு வந்து அதைப் பார்ப்பார்கள். நான் நின்று பார்த்ததில்லை. பேப்பரில் இருக்கிற எழுத்தே என்னிடம் முகம் கொடுத்துப் பேசாது, கல்லில் இருப்பதா பேசப் போகிறது? அந்தக் கோயிலாண்டே ஒரு நீலப் பலகை இருக்கும். சுற்று வட்டத்தில் புதிதாக எதுவும் எழும்பக் கூடாது, இருக்கிறதை இருக்கிறபடி பழுது பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் எழுதிக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் என்பார்கள்.

இதனால் அந்தத் தெருக்களில் ஒரு வார்த்தை மட்டும் கொழுத்துப் போய்விட்டது. மராமத்து. புதிதாகக் கக்கூஸ் கட்டினால் மராமத்து. மாடி ஏற்றினால் மராமத்து. ஒருத்தர் மராமத்து செய்துகொண்டே போய்ப் பக்கத்து மனைக்குள் நுழைந்துவிட்டார்.

நான் சொல்வது கேபிள் டிவி வந்து, கைபேசி வராத காலம். கோயிலுக்குப் பின்தெருவில் கன்னியப்பன் என்று ஒரு பஸ் கண்டக்டர். வீட்டில் இருந்தாலும் பஸ்ஸில் இருக்கிற மாதிரியேதான் பேசுவார். மனைவி மல்லிகா சோறு போட்டால்கூட "முன்னாடி நவுந்து வா, முன்னாடி நவுந்து வா" என்பார். வீடு அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப்போலக் குறுகலாக, நீளமாக ஓடும். பின்னால் கொல்லை. கொல்லையில், வீட்டின் பின்சுவரையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் ஒட்டினாற்போல ஒரு ஓட்டுக் கூரை அடுப்பங்கரை. விறகு எரித்த காலத்தில் கட்டியது. கேஸ் அடுப்பு வீட்டுக்குள் வந்ததும் அதை வறட்டி அடுக்க விட்டுவிட்டார்கள். கக்கூஸ் கொல்லையின் கோடியில், கிணற்றைத் தாண்டி. நடுவில் போட்ட கல்லெல்லாம் பாசி.

ஒருநாள் கன்னியப்பன் என்னைக் கூப்பிட்டு, குரலை இறக்கி, அதாவது தெரு மட்டும் கேட்கிற அளவுக்கு இறக்கி, விஷயத்தைச் சொன்னார்.

"மேஸ்திரி, பொண்ணு தேவிக்கு ஏயாவது மாசம். போன வாட்டி தங்கல. டாக்டரம்மா படுத்தே இருன்னு சொல்லிட்டாங்கோ. பிரசவத்துக்கு இங்கதான் வர்றா. பாசிக் கல்லுல அந்தக் கோடி வரிக்கும் நடந்துகினு கீறதுக்கு ஆவாது. அதான் பின்னால ஒரு ரூமு. ரூமுக்குள்ளியே கக்கூஸ். மேல காங்கிரீட்டு."

மல்லிகா உள்ளேயிருந்து, "எவராண்டயும் சொல்லாதீங்கோ. முக்கியமா இவளாண்ட" என்று சுவரைக் காட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கார நாகம்மா. பட்டு நெய்கிறவள். அவள் தறி போட்டிருந்தது அந்தச் சுவரை ஒட்டின அறையில். விறகு எரித்த காலத்தில் மல்லிகா வீட்டு அடுப்புப் புகை சந்து வழியாக, தறியில் நீட்டிக் கட்டின அவள் பாவில் படியும். வெள்ளை நூல் பழுப்பாகும். அதனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்வையில் நெய்வாள். புகை நின்ற பிறகும் அந்த ஜன்னலை அவள் திறக்கவில்லை. இந்தச் சுவர் நாகம்மாவுடையது. அதில் படிந்த கரி மல்லிகாவுடையது என்று நாகம்மா சொல்வாள். "என் அடுப்புக் கரி இல்ல, அது அவ பாட்டன் காலத்து அயுக்கு" என்று மல்லிகா சொல்வாள். இதே வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, கடைசியில் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது.

தம்பிகளா, ஒரு வீட்டுப் பின்கட்டில் வேலை என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். அளக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், கோயிலுக்குப் பக்கம் என்றால் உத்தரவு உண்டா என்று கேட்க வேண்டும். சரி. நான் என்ன செய்தேன்? இடித்தேன். கட்டுவதில்தான் ஆயிரம் யோசனை. இடிப்பதற்கு யோசனையே வேண்டாம், அதனால் எனக்கு அது காலை நாஷ்டா மாதிரி. காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் ஓட்டைப் பிரித்து, ஓட்டைத் தாங்கின கைமரத்தை உருவி, மண்சுவரைச் சாய்த்து, கொல்லையைக் களம் மாதிரி பெருக்கிவிட்டோம். என்னோடு வேலை செய்த சித்தாள் எல்லம்மா, மாகறல் ஊர்க்காரி, இடுப்பில் கை வைத்து நின்று சொன்னாள்:

"ஏன் மேஸ்திரி, கட்றதுக்குக் கூலியா, இடிக்கிறதுக்குக் கூலியா? இந்த வேகத்த நீ கட்றப்போ நான் பாத்ததே இல்லியே."

அடுத்த நாள் அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டோம். பழைய அடுப்பங்கரையைவிடப் பெரிதாகவே போட்டோம். கேட்டால் மராமத்து என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது கன்னியப்பன் கணக்கு. எனக்குக் கணக்கே தெரியாது, அதனால் ஒத்துக்கொண்டேன்.

அடுப்பங்கரை போனதும் நாகம்மாவின் சுவர் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஐயோ, அதன் நிறத்தை எப்படிச் சொல்வது? கூரை முட்டியிருந்த இடம் வரைக்கும் தார் பூசின மாதிரி கறுப்பு. அதற்கு மேலே வெள்ளை. நாகம்மா சந்துப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்து, "இத்தினி வருசத்துல இப்பதான் என் சுவருக்கு விடிஞ்சிது. மேஸ்திரி, பொங்கலுக்குள்ள வெள்ளை அடிச்சிக் குடுத்துடு" என்றாள். நானும் சரி என்றேன். கை சும்மா இருக்கும்போது எதற்கும் சரி என்று சொல்லும் வாய் எனக்கு.

நாகம்மா வீட்டு ஏணியில் ஏறி, சுண்ணாம்பு வாளியைத் தொங்கவிட்டு, வெள்ளை அடிக்கிற மட்டையை நனைத்து ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்திருப்பேன். கொல்லைப் பக்கச் சந்தில் டி.வி.எஸ். வண்டி ஒன்று வந்து நின்றது. கோயிலைப் பார்த்துக்கொள்கிற இலாகாவின் ஆபீசர். ஒல்லியான ஆள். தொப்பிக்குக் கீழே துண்டு. அஸ்திவாரக் கோட்டைப் பார்த்தார், தோண்டிய மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன வேலை நடக்குது?"

ஏணியில் நின்றபடியே, மரியாதைக்கு மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மராமத்து சார்" என்றேன்.

"எதுக்கு மராமத்து?"

"இதுக்குத்தான் சார்" என்று மட்டையை முன்னால் நீட்டி அடுப்பங்கரைப் பக்கம் காட்டினேன்.

அவர் நான் காட்டின பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே காற்று இருந்தது. கொஞ்சம் வெயில் இருந்தது.

"காலி இடத்துக்கா மராமத்து?"

எல்லம்மா மண்கூடையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உடனே பதில் வந்திருந்தால் நான் இன்றைக்கு எம்.எல்.ஏ. ஆகியிருப்பேன். அடுப்பங்கரை இருந்தது, இடித்துவிட்டோம் என்று சொன்னேன். யார் பார்த்தது என்று கேட்டார். தெருவே பார்த்தது என்றேன். தெரு எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் சொல்லும் என்றார். அவர் அந்தத் தெருவை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருந்தார்.

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியை உதைக்கப் போனவர் திடீரென்று நிமிர்ந்து, "நீ மட்டையைக் கீழ போடு. அந்தச் சுவரைத் தொடாதே" என்றார்.

கிட்டே வந்து சுவரைப் பார்த்தார். எழுத்துக் கல்லைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். கரி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே சாய்வாக இறங்குகிறது, கைமரம் சொருகின ஓட்டைகள் எங்கே என்று விரலால் காற்றில் கோடு இழுத்தார். அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. நாங்கள் இடித்த அடுப்பங்கரை சுவரில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. நீளம், உயரம், கூரைச் சாய்வு எல்லாம் கரியில் வரைந்து வைத்த மாதிரி. அந்தச் சுவரின் முன்னால் நாள் முழுக்க நின்றவன் நான். எனக்குத் தெரிந்தது அழுக்கு.

"இங்க ஒரு கட்டடம் இருந்திருக்கு" என்றார். "நான் முடிவு பண்ண முடியாது. எழுதிக் கொடுக்கச் சொல்லு. பெரிய அதிகாரி பொங்கல் கழிச்சு வருவார். இருந்த அளவுக்கு மட்டும் கேளுங்க. அவர் வர்றவரைக்கும் இந்தச் சுவர் இப்படியே இருக்கணும். இதை வெள்ளை அடிச்சிட்டீங்கன்னா உங்களுக்கு வேற சாட்சி இல்ல."

சாயங்காலம் டியூட்டி முடிந்து கன்னியப்பன் வந்தார். கேட்டார். குதித்தார். அப்புறம் ஒரு யோசனை சொன்னார்.

"சனி ஞாயிறு ஆபீசு லீவு. ஆளு சேத்துப் போடு. திங்கக்கியம அவரு வர்றதுக்குள்ள மேல தளம் போட்டுடு. போலாம் ரைட்."

நீங்களும் இதைக் கேட்கத்தான் போகிறீர்கள். சனி ஞாயிறில் முளைத்த வீடு அந்தத் தெருவிலேயே இருக்கிறது. ஆசையாகத்தான் இருந்தது, அவசர வேலை என்றால் எனக்கும் ஒரு கிறுகிறுப்பு. ஆனால் அப்போது தேவியை நினைத்துப் பார்த்தேன்.

"கண்டக்டரே, நான் ஏத்திடுவேன். பொண்ணு வந்து படுத்துக்கினு கீறப்போ, இல்ல பச்சப் புள்ளயோட கீறப்போ, இடிக்கச் சொல்லி ஆளு வந்தா இன்னா பண்ணுவ? புள்ளயத் தூக்கினு எந்த வாசல்ல எறங்குவ?"

ஆளை இறக்கிவிட்டே பழக்கப்பட்டவர், தன்னையே இறங்கச் சொன்னால் என்ன செய்வார்?

உத்தரவு வரட்டும் என்று முடிவாயிற்று. இனி சுவரை மட்டும் காப்பாற்ற வேண்டும். எளிது என்று நினைத்துப் போய் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வந்து பார்த்தால் ஏணியில் நாகம்மா. புடவையை இழுத்துச் செருகி, கையில் மட்டை. "நேத்து அடிக்கிறேன்னிட்டு எறங்கிப் பூட்ட. உன்ன நம்பினா அடுத்த பொங்கலு வந்துடும்" என்றாள்.

"எக்கா, எக்கா, எறங்கு!"

"இன்னாத்துக்கு?"

காரணத்தைச் சொல்லக் கூடாது என்று மல்லிகா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். "கறுப்பு உன் சுவருக்கு எடுப்பா கீதுக்கா, திருஷ்டிப் பொட்டு மாரி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காத ஆளிடம் எனக்கு அடுத்த கருவி கிடையாது. கன்னியப்பன் ஓடி வந்து, "எறங்கு எறங்கு, சுவத்துல கை வைக்காத" என்று அதட்டினார்.

"என் சுவரு. என் சுண்ணாம்பு. நீ விசிலு ஊதினா நிக்கிறதுக்கு நான் இன்னா உன் பஸ்ஸா?" என்று நாகம்மா மட்டையை வாளியில் முக்கினாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏணியைப் பிடித்து ஆட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாளியை ஒளித்துவைக்கலாம் என்று இன்னொன்று. என் யோசனைகள் எப்போதும் இந்தத் தரத்தில்தான் இருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மல்லிகா சாமி மாடத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சாமியாண்ட அப்பால பேசிக்கலாம். அந்த அம்மாவாண்டப் போயி நெசத்தச் சொல்லு."

"சொன்னா கண்ணு பட்டுடும்."

"சொல்லலன்னா சுண்ணாம்பு பட்டுடும். உன் பொண்ணுக்கு ரூமு வேணுமா, வேணாமா?"

மல்லிகா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். வந்து ஏணிக்குக் கீழே நின்றாள். பேச்சு விட்டு எத்தனையோ வருஷம் ஆனதால் எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஏணியைப் பார்த்தே பேசினாள்.

"தேவி வருது. ஏயு மாசம். போன வாட்டி தங்கல. படுத்தே கீணும்னு சொல்லிட்டாங்கோ. அவளுக்குத்தான் ரூமு. இந்தக் கரியப் பாத்தாத்தான் ஆபீசருங்க கட்ட வுடுவாங்களாம்."

மேலே மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டியது. எல்லாம் என் தலையில். நாகம்மா இறங்கி வந்தாள்.

"ஏயு மாசமா? சுவத்துக்கு இந்தாண்டதானே கீறேன்? ஒரு வார்த்த சொல்லல நீ?"

"கண்ணு பட்ரும்னு..."

"என் கண்ணா? அறுந்த இழையே என் கண்ணுக்குத் தெரியல. தடவித் தடவி முடி போட்டுனு கீறேன். உன் பொண்ணு மேல போயி படறதுக்கு எங்க கீது அதுல பார்வ?"

மல்லிகா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் புரியவில்லை. என் கண்ணில் சுண்ணாம்பு.

நாகம்மா வாளியை எடுத்து எல்லம்மாவிடம் கொடுத்தாள். "சுவரு அப்பிடியே கீட்டும். பொங்கலுக்கு என் வூடு அயுக்காவே கீட்டும், பரவால்ல. ஆனா ஒண்ணு. பெரிய ஆபீசர் வர்றப்போ இது யாரு அடுப்புக் கரின்னு இவளே இவ வாயால சொல்லணும்."

பொங்கல் கழிந்தது. தெருவில் எல்லா வீடும் வெள்ளையாக நிற்க, நாகம்மா வீட்டுப் பின்சுவர் மட்டும் கறுப்பாக நின்றது. பெரிய அதிகாரி வந்தார். கூடவே நம் ஒல்லி ஆபீசரும். டேப்பைப் பிடித்துக் கரியை அளந்தார்கள். கரியை அளந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியவர் கேட்டார், "இது யார் வீட்டு அடுப்புப் புகை?"

கன்னியப்பன் வாயைத் திறந்தார். நாகம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"என் வூட்துதான் சார்" என்றாள் மல்லிகா தரையைப் பார்த்து.

"இன்னோர் வாட்டி சொல்லு, எனக்குக் காதுல வியல" என்றாள் நாகம்மா.

"என் வூட்டு அடுப்புக் கரிதான்! என் மாமியா காலத்துலேர்ந்து நாங்கதான் புகைய வுட்டோம்! போதுமா?"

"எனக்குப் போதும். சாருக்குப் போதுமான்னு கேளு."

பெரியவருக்கும் போதும். அவர் ஒரு தீர்ப்பு எழுத வந்தவர், இரண்டு தீர்ப்பு நடந்ததை அவர் அறியார். சில நாளில் உத்தரவு வந்தது. கரி இருக்கிற அளவுக்கு, கரி இருக்கிற உயரத்துக்கு, ஓட்டுக் கூரை. காங்கிரீட் கிடையாது. தோண்டின பள்ளத்தைத் தூர்த்துவிட்டுப் பழைய கோட்டில் கட்டினோம். ஒரு செங்கல் கூடுதலாக வைத்தால் சுவர் சொல்லிவிடும். அப்படி ஒரு மேஸ்திரிக்குக் கீழே நான் அதற்கு முன்னாலும் வேலை செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை. உள்ளே நடுவில் தடுத்து இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் கக்கூஸ் என்றதும் மல்லிகா, "அடுப்பு எரிஞ்ச எடத்துல கக்கூஸா?" என்று நெஞ்சில் கை வைத்தாள். வறட்டி அடுக்கின மூலைக்குக் கக்கூஸை நகர்த்தினேன். வறட்டிக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை.

குழந்தை பங்குனியில் நல்லபடியாகப் பிறந்தது, பெண். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத மாட்டேன் என்று என் மருமகள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தின ஒரு பகல்.

ரூம் முடிந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து ரூமுக்குப் போகப் பழைய பின்சுவரை வெட்டிக் கதவுக்கு நிலை வைப்பது மட்டும் பாக்கி. அதற்கு மல்லிகா நல்ல நாள் பார்த்து வைத்திருந்தாள். அந்த நாளுக்கு முன்னாலேயே, ஒரு காலையில், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தேவி. வலி மாதிரி இருந்ததாம், டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் அலைச்சல் கூடாது, அம்மா வீட்டுக்குப் போவதென்றால் உடனே போ என்று அனுப்பிவிட்டாளாம். முகம் வெளுத்து, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெண்.

மல்லிகா ஆரத்தி கரைக்க ஓடினவள் பாதியில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது. நம் பக்கத்தில் யாரும் இடிக்க மாட்டார்கள், நானும் இடித்ததில்லை. அவள் உள்ளே கால் வைத்துவிட்டால் பிரசவம் முடிகிறவரை கடப்பாரையைத் தொட முடியாது. தொடாவிட்டால், பின்வாசல் வழியாக இறங்கி, அதே பாசிக் கல்லில் சுற்றிக்கொண்டுதான் ரூமுக்குப் போக வேண்டும். எதற்காக அத்தனை பாடும் பட்டோமோ அது அந்த ஒரு சுவரில் நின்றது.

"அதெல்லாம் பாத்தா ஆவுமா, உள்ள வா, உள்ள வா" என்றார் கன்னியப்பன். "வேணாங்க" என்றாள் மல்லிகா. போன தடவை பிள்ளை தங்காத வீட்டில் போய் 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று நான் பேச முடியுமா? தேவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நிக்க முடியலம்மா" என்றாள்.

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது.

"உன் வூட்டுக்குள்ள வந்தாத்தானே இடிக்கக் கூடாது?" என்று நாகம்மா வெளியே வந்தாள். "ஏ பொண்ணே, இந்தாண்ட வா. என் வூட்ல எவனும் எதையும் இடிக்கல. மேஸ்திரி, நீ போயி உன் சோலியப் பாரு."

தேவியைக் கைத்தாங்கலாக அவள் தன் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மல்லிகா ஓடிப் போய்க் கரைத்துக் கொண்டுவந்த ஆரத்தியை நாகம்மாவே சுற்றி அவளை உள்ளே விட்டாள்.

எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல். கன்னியப்பன் சம்மட்டியை எடுத்து என் கையில் திணித்தார். "போடு நாலு போடு. ரைட் ரைட்." நான் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உளியை எடுத்தேன். பழைய சுவர், மேலே உத்திரம் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுவர் நாகம்மா சுவரோடு முட்டுகிறது. அந்தப் பக்கம் ஒரு பெண் படுத்திருக்கிறாள். சம்மட்டி விழுந்தால் அவள் முதுகில் விழுகிற மாதிரி அதிரும். மேலே முட்டுக் கொடுத்து, வாசல் தலைக்கு லிண்டலைச் சொருகி, மேலிருந்து கீழே ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்து எல்லம்மா கையில் கொடுத்தேன். இடிப்பதில் சூரன் என்று பெயர் வாங்கினவன், அன்றைக்குப் பல் பிடுங்குகிற டாக்டர் மாதிரி வேலை செய்தேன். கன்னியப்பன் பின்னாலேயே நின்று நச்சரித்தார். நச்சரிக்கட்டும். அவசரம் வீட்டுக்காரருக்கு இருக்கலாம். உளியைப் பிடித்தவனுக்கு வரக் கூடாது. வந்தால் உளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். நான் குடித்தேன். அவர் இன்னும் கத்தினார்.

வெயில் தாழ நிலை நின்றுவிட்டது. எல்லம்மா தூசியைக் கழுவித் துடைத்து, கட்டிலில் ஜமுக்காளம் விரித்தாள். மல்லிகா உள்ளறையிலிருந்து புது வாசல் வழியாக ரூமுக்கும், ரூமிலிருந்து உள்ளறைக்குமாக நடந்து பார்த்தாள். ஒரு படிகூட இல்லை. சரி, பெண்ணைக் கூட்டிவரலாம் என்று மூன்று பேருமாக நாகம்மா வீட்டுக்குப் போனோம்.

தறிக்குப் பக்கத்தில் பாய். பாயில் தேவி ஒருக்களித்துப் படுத்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாகம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"தேவி..." என்று ஆரம்பித்தார் கன்னியப்பன்.

"எயுப்பாத."

"ரூமு ரெடியா கீது நாகம்மா."

"கீட்டும். அது எங்கியும் ஓடிப் போவாது."

மல்லிகா மெதுவாகக் கேட்டாள், "சாப்ட்டாளாக்கா?"

"ரசஞ்சோறு. ரெண்டாந்தபா கேட்டு வாங்கித் துன்னா."

"என் கையால ஒரு வாயி துன்ன மாட்டாளே..."

"அப்போ இப்பிடி வந்து குந்து. எயுந்ததும் நீயே ஊட்டு, துன்றாளான்னு பாக்கலாம்."

மல்லிகா உள்ளே போய் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நானும் கன்னியப்பனும் வாசலில் நின்றோம், தலையிலிருந்து கால்வரை செங்கல் தூசியோடு. எங்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நாகம்மா எழுந்து வந்தாள். பாவில் தூசி படியும் என்று சொல்லி, எங்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.